அப்டேட் லேட்டா வந்தாலும் ஆண்ட்ராய்டை விட்டு ஏன் யாரும் போறதில்ல

ஒவ்வொரு வருஷமும் இதே கதைதான். கூகுள் புது ஆண்ட்ராய்டு வெர்ஷன் விடும், அவங்களோட சொந்த போனான பிக்சல் வச்சிருக்கறவங்களுக்கு முதல்ல வரும், மத்தவங்க எல்லாம் செட்டிங்ஸ்ல போய் அப்டேட் பட்டனை அமுக்கிப் பார்த்துட்டு, 'உங்க போன் லேட்டஸ்ட்டாதான் இருக்கு'ன்னு அது சொல்றதைப் படிச்சுட்டு வெளிய வந்துடுவோம். சிலருக்கு ரெண்டு மாசம், சிலருக்கு ஆறு மாசம், கம்மி விலைல வாங்கின பலருக்கு அந்த வெர்ஷன் வரவே வராது. ஐபோன்ல இந்தப் பிரச்சனை கிடையாது, ஒரே ராத்திரில உலகம் பூரா எல்லாருக்கும் வந்துடும். இது ஆண்ட்ராய்டு வச்சிருக்கற எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் அடுத்த போன் வாங்கப் போகும்போது மறுபடியும் ஆண்ட்ராய்டுதான் வாங்கறாங்க, இந்தியால நூறு ஸ்மார்ட்போன் எடுத்தா தொண்ணூறுக்கு மேல இதுதான்.

விலைதான் காரணம்னு ஒரே வரில முடிச்சுடலாம், ஆனா அது பாதி பதில்தான். ஐபோன் விலைக்கே ஆண்ட்ராய்டு போன் வாங்கறவங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்ககிட்ட விலைக் கணக்கு செல்லாது. அப்டேட் லேட்டாகறது அவங்களுக்குப் பெருசா வலிக்கலங்கறதுதான் நிஜம். ஏன் வலிக்கலங்கறதுக்குப் பின்னாடி பதினஞ்சு வருஷ வரலாறு இருக்கு. அதைப் புரிஞ்சுக்கிட்டா இன்னொண்ணும் புரியும்: நாம கத்தறது வெர்ஷன் நம்பரைப் பத்தி, ஆனா கத்த வேண்டியது வேற ஒரு விஷயத்தைப் பத்தி.

முதல்ல ஏன் லேட் ஆகுதுன்னு பார்த்துடலாம். கூகுள் ஆண்ட்ராய்டோட சோர்ஸ் கோடை வெளியிடுது, அதை அப்படியே எடுத்து எந்த போன்லயும் போட முடியாது. போனுக்குள்ள இருக்கற சிப் குவால்காமோ மீடியாடெக்கோ, அவங்கதான் அந்த சிப் புது ஆண்ட்ராய்டோட பேசறதுக்கான டிரைவர் எல்லாம் எழுதித் தரணும். அதுக்கப்புறம் போன் கம்பெனி தன்னோட மேல்பூச்சைப் போடும், சாம்சங்னா ஒன் யூஐ, ஷாவ்மின்னா ஹைப்பர்ஓஎஸ், ஓப்போன்னா கலர்ஓஎஸ். கேமரா, சார்ஜிங், கைரேகை சென்சார் எல்லாம் மறுபடி டெஸ்ட் பண்ணணும், கூகுளோட சர்ட்டிஃபிகேஷன்ல பாஸ் ஆகணும், அமெரிக்கா மாதிரி நாடுகள்ல சிம் கம்பெனிக்காரங்களும் ஒரு ரவுண்டு டெஸ்ட் பண்ணுவாங்க (நம்ம ஊர்ல போனைத் தனியா வாங்கி சிம்மைத் தனியா போடறதால அந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்ல). இத்தனையும் ஒரு மாடலுக்கு. வருஷத்துக்கு முப்பது நாப்பது மாடல் விடற கம்பெனி எதை முதல்ல பார்க்கும்? விலை ஜாஸ்தியானதைத்தான்.

இந்தச் சங்கிலில எந்தக் கண்ணி அறுந்தாலும் அவ்வளவுதான், அதுக்கு நல்ல உதாரணம் கேலக்ஸி நெக்சஸ். 2011 கடைசில கூகுளும் சாம்சங்கும் சேர்ந்து விட்ட போன், பேரே நெக்சஸ், அதாவது கூகுளோட சொந்தப் பிள்ளை, அப்டேட் முதல்ல வரும்னு நம்பித்தான் ஜனங்க வாங்கினாங்க. அதுல இருந்தது டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கம்பெனியோட சிப். 2012-ல அந்தக் கம்பெனி மொபைல் சிப் பிசினஸே வேணாம்னு விலகிடுச்சு. 2013-ல கிட்கேட்ங்கற ஆண்ட்ராய்டு 4.4 வந்தப்போ கேலக்ஸி நெக்சஸுக்குக் கிடையாதுன்னு கூகுளே சொல்லிடுச்சு, 18 மாசம் முடிஞ்சு போச்சுங்கறதுதான் அவங்க சொன்ன காரணம். ரெண்டே வருஷம்.

அந்த 18 மாசம்ங்கற நம்பர் எங்கிருந்து வந்துச்சுன்னா, 2011 மே மாசம் கூகுள் ஐ/ஓ மாநாட்டுல சாம்சங், ஹெச்டிசி, சோனி எரிக்சன், எல்ஜி, மோட்டோரோலா, கூடவே வோடஃபோன் மாதிரி சிம் கம்பெனிங்க எல்லாரையும் சேர்த்து ஒரு கூட்டணி அறிவிச்சாங்க, போன் ஹார்ட்வேர் தாங்கற வரைக்கும் 18 மாசத்துக்கு அப்டேட் தருவோம்னு. கேட்டதும் எல்லாரும் கை தட்டினாங்க. அதே வருஷம் டிசம்பர்ல சாம்சங், கோடிக்கணக்குல வித்த கேலக்ஸி எஸ் போனுக்கு ஐஸ்க்ரீம் சாண்ட்விச் (அதாவது ஆண்ட்ராய்டு 4) தர முடியாது, எங்க மேல்பூச்சான டச்விஸ் சேர்த்தா மெமரி பத்தாதுன்னு சொல்லிடுச்சு. அதே போன்ல அதே ஆண்ட்ராய்டு 4-ஐ ஆண்ட்ராய்டைத் தாங்களே மாத்தி இலவசமா விட்ட சயனோஜென்மாட் பசங்க ஓட்டிக் காட்டினாங்க. அதனால 'ஹார்ட்வேர் தாங்காது'ன்னு ஒரு கம்பெனி சொன்னா அதுல எவ்வளவு ஹார்ட்வேர், எவ்வளவு அவங்க மேல்பூச்சுன்னு கேட்டுத்தான் ஆகணும், நான் இன்னைக்கும் கேக்கறேன்.

அந்தக் காலத்துல அப்டேட் வரலன்னா நிஜமாவே வலிச்சுது. தமிழ்ல படிக்கறவங்களுக்கு இது இன்னும் நல்லா ஞாபகம் இருக்கும். ஆண்ட்ராய்டு 2.2, 2.3 போன்கள் நிறைய மாடல்ல தமிழ் எழுத்து கட்டம் கட்டமாத்தான் தெரியும், ஏன்னா ஃபான்ட்டும் எழுத்தைக் கோக்கற எஞ்சினும் சிஸ்டத்துக்குள்ள இருக்கணும், சிஸ்டத்தை மாத்தறது நம்ம கைல இல்ல. ஓப்பரா மினில ஒரு மறைவான செட்டிங் பக்கம் போய் 'பிட்மேப் ஃபான்ட்' ஆப்ஷனை ஆன் பண்ணினா எழுத்தைப் படமாக்கி அனுப்பும், அப்படித்தான் எத்தனையோ பேர் பஸ்லயும் ஹாஸ்டல்லயும் தமிழ் படிச்சாங்க. அப்புறம் ஆண்ட்ராய்டு 4 பக்கம் வந்தப்போதான் தமிழ் ஃபான்ட் சிஸ்டத்துக்குள்ளயே வர ஆரம்பிச்சுது, முதல்ல கொம்பும் காலும் இடம் மாறி நின்னுச்சு, போகப் போகச் சரியாச்சு. அப்போ ஒரு அப்டேட்ங்கறது தாய்மொழில படிக்க முடியுமா முடியாதாங்கற கேள்வியாவே இருந்துச்சு. அந்த மாதிரி வலிக்கற காரணம் ஒண்ணொண்ணா எப்படிப் போச்சுங்கறதுதான் இந்தக் கதையோட நடுப்பகுதி.

கூகுளுக்கும் இது தெரியாம இல்ல. நேர்வழில ஒரு பெரிய முயற்சி பண்ணினாங்க, அதுவும் இந்தியாலதான் ஆரம்பிச்சாங்க. 2014 செப்டம்பர் 15, டெல்லில ஆண்ட்ராய்டு ஒன் அறிமுகம், மேடைல நம்ம சுந்தர் பிச்சை, அப்போ அவர் ஆண்ட்ராய்டுக்குப் பொறுப்பாளர். மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ்னு மூணு கம்பெனி, விலை 6,399 ரூபாய்ல இருந்து, மூணுலயும் ஒரே மீடியாடெக் சிப், 1 ஜிபி ரேம், ரெட்டை சிம். ஐடியா ரொம்ப நேரானது: ஹார்ட்வேர் ஒரே மாதிரி இருந்தா, மேல்பூச்சு இல்லாம இருந்தா, கூகுளே நேரா அப்டேட் அனுப்பலாம், நடுவுல யாரும் வேணாம். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா, ஏர்டெல் சிம் போட்டா ஆறு மாசத்துக்கு சிஸ்டம் அப்டேட் டவுன்லோடுக்கு டேட்டா கணக்கு கிடையாதுன்னு ஒரு ஏற்பாடு பண்ணியிருந்தாங்க. ஜியோ வந்தது 2016 செப்டம்பர்லதான், அதுக்கு முன்னாடி மாசம் 1 ஜிபியை எண்ணி எண்ணிச் செலவழிச்ச காலம், நூத்துக்கணக்கான எம்பி அப்டேட் வந்தாலும் யார் அதை டவுன்லோட் பண்ணுவா? அப்டேட் தாமதம்னா கம்பெனி தாமதம் மட்டும் இல்ல, வந்த அப்டேட்டை 'அப்புறம் பார்க்கலாம்'னு ஜனங்க தள்ளி வச்சதும்தான், அதைப் புரிஞ்சுக்கிட்ட ஏற்பாடு அது.

சொன்னபடி அப்டேட்டும் வந்துச்சு, 2015-லயே மார்ஷ்மெல்லோ (ஆண்ட்ராய்டு 6) வந்துடுச்சு அந்த ஆறாயிரம் ரூபாய் போனுக்கு. ஆனா போன் விக்கல. அதே விலைல ஷாவ்மியும் மத்தவங்களும் இன்னும் நல்ல கேமரா, பெரிய பேட்டரி, கூடுதல் ரேம் கொடுத்தாங்க, கடைக்காரருக்கும் ஆண்ட்ராய்டு ஒன் மேல ஆர்வம் இல்ல. அப்டேட் நாளைக்கு வர்றது, ரேம் இன்னைக்கு பெட்டில இருக்கறது, ஜனங்க பெட்டில இருக்கறதைத்தான் எடுத்தாங்க. இதை நான் குறையா சொல்லல, கைல இருக்கற காசுக்கு அது சரியான முடிவு. 2017-ல ஷாவ்மியோட மி ஏ1 வழியா, அப்புறம் ஹெச்எம்டியோட நோக்கியா போன்கள் வழியா ஆண்ட்ராய்டு ஒன் இன்னொரு தடவை எழுந்துச்சு. ஆனா 2021 தொடக்கத்துல மி ஏ3-க்கு ஆண்ட்ராய்டு 11 அப்டேட் போட்டவங்க போன் பலதும் ஆன் ஆகாமயே போச்சு, கம்பெனி அப்டேட்டை நிறுத்தி இலவசமா சரி பண்ணித் தர வேண்டியதாச்சு. 'அப்டேட் போடாத, போன் போயிடும்'னு நம்ம வீடுகள்ல சொல்ற பயத்துக்கு இந்த மாதிரி சம்பவங்கதான் தீனி. ஐபோன் பக்கமும் சுத்தம் இல்ல, பழைய பேட்டரி இருக்கற போன்களை 2017-ல அப்டேட் வழியா மெதுவாக்கினதை ஆப்பிளே அந்த வருஷக் கடைசில ஒத்துக்கிச்சு.

நேர்வழி ஒரு பக்கம் திணறிட்டு இருக்கும்போதே கூகுள் இன்னொரு வழியைத் தோண்டிக்கிட்டு இருந்துச்சு, அதுதான் ஜெயிச்சுது. 2012-ல கூகுள் ப்ளே சர்வீசஸ்னு ஒண்ணு வந்துச்சு. நம்ம போன்ல ஐகான் இல்லாம பின்னாடி ஓடிக்கிட்டே இருக்கும், பேட்டரி லிஸ்ட்ல மேல தெரியும்போதுதான் பலருக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியும். சிஸ்டத்துக்குள்ள வைக்க வேண்டிய வேலைகளை, லொக்கேஷன், லாகின், நோட்டிஃபிகேஷன், மேப் எல்லாத்தையும் மெல்ல மெல்ல இதுக்குள்ள நகர்த்தினாங்க. இது ஒரு ஆப் மாதிரியே தானா அப்டேட் ஆகும், சாம்சங்கையும் கேக்க வேணாம், குவால்காமையும் கேக்க வேணாம். கீபோர்ட், காலண்டர், கேமரான்னு கூகுளோட சொந்த ஆப்களும் ப்ளே ஸ்டோருக்கு வந்துடுச்சு. 2014-ல ஆண்ட்ராய்டு 5 வந்தப்போ, ஆப்களுக்குள்ள வெப் பக்கம் காட்டற வெப்வியூவும் தனியாப் பிரிஞ்சு ப்ளே ஸ்டோர் வழியா அப்டேட் ஆக ஆரம்பிச்சுது. ஐபோன்ல சஃபாரியோட எஞ்சின் மாறணும்னா பெரும்பாலும் ஐஓஎஸ்ஸே மாறணும்.

இதோட பலம் எவ்வளவுன்னு 2020-ல தெரிஞ்சுது. கொரோனா நேரத்துல ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து, நோயாளி பக்கத்துல இருந்தோமான்னு ப்ளூடூத் வழியா எச்சரிக்கை தர்ற வசதியைச் செஞ்சாங்க. இந்தியா ஆரோக்கிய சேது பக்கம் போனதால நாம அதைப் பயன்படுத்தல, ஆனா அது போய்ச் சேர்ந்த விதத்தைப் பாருங்க. ஐபோனுக்கு ஐஓஎஸ் 13.5 வேணும், அதனால ஐஓஎஸ் 12-லயே நின்ன ஐபோன் 6-க்கெல்லாம் டிசம்பர்ல தனி அப்டேட் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதாச்சு. ஆண்ட்ராய்டுலயோ 2015-ல வந்த 6.0 வரைக்கும் எல்லா போனுக்கும் ப்ளே சர்வீசஸ் வழியா வந்துடுச்சு, யாரும் எதையும் அமுக்கல. இந்தியாலயே நடந்த உதாரணம் வேணும்னா நிலநடுக்க எச்சரிக்கை. 2023 செப்டம்பர்ல இங்க வந்துச்சு, ஆண்ட்ராய்டு 5-க்கு மேல எதுவா இருந்தாலும் போதும், போனுக்குள்ள இருக்கற ஆக்சிலரோமீட்டரே அதிர்வை உணர்ற கருவி ஆயிடும். கம்பெனி கைவிட்ட போன், ஒன்பது வருஷத்துக்கு முந்தைய சிஸ்டம், அதுக்குப் புது வசதி. போனைப் பிடுங்கிட்டு ஓடினா தானா லாக் ஆகற வசதி 2024-ல வந்தது, அதுவும் ஆண்ட்ராய்டு 10 வரைக்கும் இதே வழிலதான் போச்சு.

ஆப் எழுதறவங்களும் இதுக்குப் பழகிட்டாங்க. புது வெர்ஷன்ல மட்டும் இருக்கற விஷயத்தைப் பழைய வெர்ஷன்லயும் ஓட வைக்கற லைப்ரரிகளை கூகுளே 2011-ல இருந்து தருது. அதனால ஒரு பேங்க் ஆப்போ டிக்கெட் புக் பண்ற ஆப்போ நாலஞ்சு வெர்ஷன் பழைய போனை விட்டுட மாட்டேங்குது, விட்டா இந்தியால பாதி கஸ்டமர் போயிடுவாங்க. வாட்ஸ்அப்பை எடுத்துக்கங்க. 2025 மே மாசம் ஐஓஎஸ் 15.1-க்குக் கீழ இருக்கறதை நிறுத்தினாங்க, 2014-ல வந்த ஐபோன் 6 அதோட போச்சு. அப்போ ஆண்ட்ராய்டு பக்கம் கேட்ட குறைஞ்சபட்ச வெர்ஷன் 5.0, அதுவும் 2014-ல வந்ததுதான். ஒரு வருஷம் கூட அப்டேட்டே வராம லாலிபாப்லயே (அதாவது 5.0-லயே) நின்ன போன்ல வாட்ஸ்அப் ஓடிச்சு, வருஷக்கணக்கா ஒழுங்கா அப்டேட் வாங்கின ஐபோன்ல ஓடல. ஐபோன் அண்ணன்மார்கள் அப்டேட் விஷயத்துல நம்மளை ஏளனம் பண்ணும்போது இந்த ஒண்ணை மட்டும் சொல்லிப் பாருங்க. அங்க எல்லாமே ஓஎஸ்ஸோட கட்டியிருக்கு, ஓஎஸ் நின்னா எல்லாம் நிக்கும். இங்க ஓஎஸ் நின்னாலும் மத்தது ஓடிக்கிட்டே இருக்கும்.

தமிழ் விஷயமும் அப்படியே மாறிடுச்சு. வெளி ஆள் எழுதின கீபோர்டை ஆண்ட்ராய்டு 2009-ல இருந்தே அனுமதிச்சுது, ஐபோன் அனுமதிச்சது 2014-ல. செல்லினம் மாதிரி ஆப்கள் அந்தக் கதவு வழியாத்தான் ஆண்ட்ராய்டுக்குள்ள வந்துச்சு. 2017-ல கூகுள் தமிழ் குரல் டைப்பிங் கொடுத்தப்போ யாரும் ஓஎஸ் அப்டேட்டுக்குக் காத்திருக்கல, ஆப் அப்டேட் ஆச்சு, பேச ஆரம்பிச்சாங்க. ஊர்ல அம்மாக்கள் எல்லாம் மைக் பட்டனை அமுக்கி நீளமா மெசேஜ் அனுப்பறாங்களே, அவங்க போன்ல எத்தனை நம்பர் ஆண்ட்ராய்டு ஓடுதுன்னு அவங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்ல. இதோட ரெட்டை சிம், மெமரி கார்ட், யூஎஸ்பில போட்டா ஃபைல் காப்பி ஆகறது, எந்தத் தெருமுனைக் கடைலயும் டிஸ்ப்ளே மாத்திக்கலாம்ங்கறது எல்லாம் சேர்ந்துதான் இந்த விசுவாசம். இதை ஏதோ பொறுத்துக்கிட்டு இருக்கறதா வெளிய இருந்து பார்க்கறவங்க நினைக்கறாங்க, உள்ள இருக்கறவங்களுக்குப் பொறுத்துக்க வேண்டியதே பெரும்பாலான நாள்ல எதுவும் இல்ல.

இவ்வளவு சொன்ன நானே, எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்லல. ப்ளே ஸ்டோர் வழியா வர முடியாதது சிலது இருக்கு, அங்கதான் நிஜமான அபாயம்.

2015 ஜூலைல ஸ்டேஜ்ஃபிரைட்னு ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு. வீடியோவைப் படிக்கற சிஸ்டம் லைப்ரரில தப்பு, ஒரு எம்எம்எஸ் அனுப்பினாலே போன் உள்ள புகுந்துடலாம்னு ஜிம்பீரியம் கம்பெனி ஆய்வாளர் கண்டுபிடிச்சார், கிட்டத்தட்ட 95 கோடி போன் ஆபத்துலன்னு அப்போ சொன்னாங்க. கூகுள் உடனே திருத்தம் எழுதிடுச்சு, ஆனா எழுதினது போனுக்குப் போகணுமே, அதே பழைய சங்கிலிதான். அந்த அதிர்ச்சிலதான் 2015 ஆகஸ்ட்ல இருந்து மாசாமாசம் செக்யூரிட்டி பேட்ச்ங்கற வழக்கமே வந்துச்சு.

அதுக்கப்புறம்தான் கூகுள் அஸ்திவாரத்துலயே கை வச்சுது. முன்னாடி ஆண்ட்ராய்டும் சிப் கம்பெனியோட கோடும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடந்துச்சு, சுவருக்குள்ள பூசிப் புதைச்ச வயரிங் மாதிரி, ஒரு வயரை மாத்தணும்னாலும் சுவரை உடைக்கணும். 2017-ல ஆண்ட்ராய்டு 8 ஓரியோவோட வந்த ட்ரெபிள் திட்டம் ரெண்டையும் பிரிச்சு நடுவுல பைப் போட்டுச்சு, கீழ சிப் பக்கம் அப்படியே இருக்க மேல ஆண்ட்ராய்டை மட்டும் மாத்தலாம். பலன் அடுத்த வருஷமே தெரிஞ்சுது, ஆண்ட்ராய்டு 9 பீட்டா பிக்சலுக்கு வெளிய சோனி, ஒன்பிளஸ், ஷாவ்மி, நோக்கியா, ஓப்போ, விவோன்னு போச்சு, அதுக்கு முன்னாடி அது நடந்ததே இல்ல. 2019-ல மெயின்லைன் திட்டம், அது இன்னும் ஒரு படி மேல, ஸ்டேஜ்ஃபிரைட் மாதிரி ஓட்டை வர்ற மீடியா பாகங்களையே ப்ளே வழியா மாத்தற மாதிரி பண்ணினாங்க. செட்டிங்ஸ்ல 'கூகுள் ப்ளே சிஸ்டம் அப்டேட்'னு ஒரு தேதி இருக்கும் பாருங்க, அது இதுதான்.

ஆனா சிஸ்டத்தோட மையமான கெர்னலும் சிப்போட டிரைவரும் இன்னமும் கம்பெனி கைலதான். 2022-ல பாதுகாப்பு ஓட்டை தேடற கூகுளோட ப்ராஜெக்ட் ஜீரோ ஆட்கள் மாலி கிராஃபிக்ஸ் டிரைவர்ல ஓட்டை இருக்குன்னு அதைச் செய்யற ஏஆர்எம் கம்பெனிகிட்ட சொன்னாங்க, அவங்களும் ஜூலை ஆகஸ்ட்லயே சரி பண்ணிட்டாங்க. நவம்பர்ல போய்ப் பார்த்தா சாம்சங், ஷாவ்மி, ஓப்போ, ஏன் கூகுளோட சொந்த பிக்சலுக்குக் கூட அந்தத் திருத்தம் வரல. மருந்து கடைல இருக்கு, நோயாளி கைக்கு வரல. இதுதான் தாமதத்தோட உண்மையான முகம், புது ஐகானும் புது அனிமேஷனும் ஆறு மாசம் கழிச்சு வந்தா ஒண்ணும் கெட்டுப் போகாது, இந்தத் திருத்தம் ஆறு மாசம் கழிச்சு வந்தா அந்த ஆறு மாசமும் கதவு திறந்தே கிடக்கு. பேங்க் அக்கவுண்ட், யுபிஐ, ஆதார் ஓடிபி எல்லாம் அந்த ஒரே போன்லதான் இருக்கு.

இன்னொரு உதாரணம், இது இன்னும் அமைதியா நடந்தது. வெப்சைட்டுகளோட பூட்டுக் குறிக்கு நம்பகம் தர்ற ரூட் சர்ட்டிஃபிகேட் லிஸ்ட் சிஸ்டத்துக்குள்ள இருக்கு. சைட்டுகளுக்கு இலவசமா சர்ட்டிஃபிகேட் தர்ற லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு நம்பியிருந்த பழைய ரூட் 2021 செப்டம்பர் 30-ல காலாவதி, அவங்களோட புது ரூட் ஆண்ட்ராய்டு 7.1-க்குக் கீழ இல்ல. 2020 கடைசில அவங்க சொன்ன கணக்குப்படி மூணுல ஒரு ஆண்ட்ராய்டு போன் அந்தப் பழைய வெர்ஷன்லதான் இருந்துச்சு, அவ்வளவு பேருக்கும் லட்சக்கணக்கான சைட் எரர் காட்டியிருக்கும். காலாவதியான ரூட்டோட கையெழுத்தையே ஆண்ட்ராய்டு ஏத்துக்கும்ங்கற ஒரு இடுக்கு வழியா அதை 2024 வரைக்கும் தள்ளிப் போட்டாங்க. ஆண்ட்ராய்டு 14-ல இருந்துதான் அந்த லிஸ்ட்டும் ப்ளே வழியா மாறுது. அதாவது கூகுள் ஒவ்வொரு ஓட்டையா அடைச்சுக்கிட்டே வருது, ஆனா அடைச்சது புது போனுக்கு, ஓட்டை இருக்கறது பழைய போன்ல.

முன்னெல்லாம் கம்பெனி கைவிட்டா நாமளே பார்த்துக்கலாம்னு ஒரு வழி இருந்துச்சு. சயனோஜென்மாட் 2009-ல ஆரம்பிச்சு 2016 டிசம்பர்ல மூடற வரைக்கும், அப்புறம் அதோட வாரிசா லீனியேஜ்ஓஎஸ், காலேஜ் பசங்க ராத்திரி முழுக்க உக்காந்து பூட்லோடர்ங்கற போனோட தொடக்கப் பூட்டைத் திறந்து, கம்பெனி போட்ட சிஸ்டத்துக்குப் பதிலா வேற சிஸ்டத்தை (ரோம்) ஏத்தினாங்க. இந்தியால அந்த சயனோஜென் சிஸ்டத்தை யார் போன்ல போடலாம்ங்கற சண்டை ஒன்பிளஸுக்கும் மைக்ரோமேக்ஸுக்கும் நடுவுல 2014-ல டெல்லி ஹைகோர்ட் வரைக்கும் போச்சு, அவ்வளவு மதிப்பு அப்போ. இப்போ அந்த வழி குறுகிக்கிட்டே வருது, பூட்லோடர் திறந்த போன்ல பேங்க் ஆப் பலதும் ஓட மாட்டேங்குது. இதுல ஒரு முக்கியமான மாற்றம் 2025 மே மாசம் வந்துச்சு. ஆப்கள் போனோட நம்பகத்தைக் கேட்டுத் தெரிஞ்சுக்கற ப்ளே இன்டெக்ரிட்டில, ஆண்ட்ராய்டு 13-க்கு மேல இருக்கற போன் உச்ச மதிப்பெண் வாங்கணும்னா கடைசி 12 மாசத்துக்குள்ள செக்யூரிட்டி பேட்ச் வந்திருக்கணும். ஒரு பேங்க் ஆப் அந்த உச்ச மதிப்பெண்ணைக் கேக்க ஆரம்பிச்சா, வெர்ஷன் புதுசா இருந்தும் பேட்ச் வராத போன் வெளிய நிக்கும். இத்தனை வருஷமா ஓஎஸ் நின்னாலும் ஆப் ஓடும்னு இருந்த அந்த நிம்மதிக்கு முதல் தடவையா ஒரு கெடு விழுந்திருக்கு.

கம்பெனிகளும் மாறியிருக்காங்க, அதைச் சொல்லாம விடக் கூடாது. 2023 அக்டோபர்ல பிக்சல் 8-க்கு 7 வருஷம், 2024 ஜனவரில கேலக்ஸி எஸ்24-க்கு 7 வருஷம், அதே வருஷம் இருபதாயிரத்துக்குக் கீழயே கேலக்ஸி ஏ16 5ஜிக்கு 6 வருஷம்னு சாம்சங் அறிவிச்சுது. என்னைப் பொறுத்தவரை அந்த ஏ16 அறிவிப்புதான் பிக்சல் அறிவிப்பை விடப் பெரிய செய்தி, ஏன்னா இங்க ஜனங்க வாங்கற விலை அதுதான். ஐரோப்பால 2025 ஜூன் 20-ல இருந்து இதுக்குச் சட்டமே வந்துடுச்சு. இந்தியாலதான் போன் பெட்டி மேல ரேம், கேமரா மெகாபிக்சல், பேட்டரி எல்லாம் கொட்டை எழுத்துல இருக்கு, எந்த வருஷம் வரைக்கும் பேட்ச் வரும்னு ஒரு வரி கிடையாது. சாப்பாட்டுப் பொட்டலத்துல எக்ஸ்பைரி தேதி கட்டாயம், பணம் போற வர்ற போனுக்கு அது வேணாமா?

அது வர்ற வரைக்கும் நாமதான் பார்க்கணும். செட்டிங்ஸ்ல 'அபவுட் போன்' போய் ஆண்ட்ராய்டு வெர்ஷனைத் தொட்டா உள்ள செக்யூரிட்டி அப்டேட் தேதி இருக்கும். வெர்ஷன் நம்பர் 13-ஆ 16-ஆங்கறதை விட அந்தத் தேதி எவ்வளவு பழசுங்கறதைப் பாருங்க, மூணு மாசத்துக்குள்ள இருந்தா பரவாயில்ல, ஒரு வருஷம் தாண்டியிருந்தா அந்த போன்ல யுபிஐ வச்சுக்கறதை யோசிங்க, பாட்டு கேக்க, படம் பார்க்கன்னு அதை வேற வேலைக்கு மாத்துங்க. கடைல வாங்கும்போது 'எத்தனை ஆண்ட்ராய்டு அப்டேட் வரும்'னு கேக்கறதோட நிறுத்தாதீங்க, மாடல் எப்போ வெளிவந்துச்சுன்னு கேளுங்க. அந்த 7 வருஷம், 6 வருஷம் எல்லாம் போன் முதல்ல விற்பனைக்கு வந்த நாள்ல இருந்துதான் எண்ணுவாங்க, நாம வாங்கின நாள்ல இருந்து இல்ல. தீபாவளி ஆஃபர்ல பாதி விலைக்கு வர்றது பெரும்பாலும் ரெண்டு மூணு வருஷத்துக்கு முந்தைய மாடல்தான். 2023 அக்டோபர்ல வந்த பிக்சல் 8-ஐ 2026 தீபாவளிக்கு வாங்கினா கைல இருக்கறது 2030 அக்டோபர் வரைக்கும், அதாவது கிட்டத்தட்ட நாலு வருஷம். அந்த விலைக்கு நாலு வருஷம் போதும்னா தாராளமா வாங்கலாம். ஆனா மூணே வருஷம் பேட்ச் தர்ற ஒரு மாடலை அது வந்து ரெண்டு வருஷம் கழிச்சு ஆஃபர்ல எடுத்தா மிச்சம் ஒரே வருஷம், ஆறு மாச ஈஎம்ஐ முடிஞ்ச கையோட கம்பெனிக்கும் அந்த போனுக்கும் உள்ள உறவுல பாதி முடிஞ்சிருக்கும்.